பிரிவுக்குச் சுருதி சேர்த்தவர்கள்

1970-ஆம் ஆண்டின் முற்பகுதி. லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒட்டிய லாரல் கேன்யன் குன்றுப் பகுதியில் ஒரு சின்ன வீடு. அதன் அடுக்களைக்குப் புதுத் தரை போட்டுக்கொண்டிருந்தார் கிரஹாம் நாஷ். இங்கிலாந்தில் புகழ்பெற்ற 'ஹாலீஸ்' குழுவை விட்டுவிட்டு அமெரிக்கா வந்து, 'கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்டு யங்' குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். வீடு அவருடையது அல்ல, காதலியும் பாடகியுமான ஜோனி மிட்செலுடையது. ஜோனி அப்போது ஐரோப்பாவில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். கிரேக்கத் தீவான கிரீட்டிலிருந்து ஒரு தந்தி வந்தது. மணலைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கு வழியாக ஓடிவிடும் என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம். விளக்கம் ஏதும் இல்லை. நாஷுக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்த மார்ச்சில் வெளியான நாஷ் குழுவின் ஆல்பத்தில் 'அவர் ஹவுஸ்' என்ற பாட்டு இருந்தது. ஒரு நாள் காலைச் சாப்பாட்டுக்கு இருவரும் வெளியே போகிறார்கள். திரும்பும் வழியில் ஜோனி ஒரு பூச்சாடி வாங்குகிறார். வீட்டுக்கு வந்ததும், நீ பூவைப் பறித்து வை, நான் கணப்பை மூட்டுகிறேன் என்கிறார் நாஷ். அவ்வளவுதான் சம்பவம். ஜோனியின் பியானோவில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் அதைப் பாட்டாக்கினார். இல்லறத்தின் இனிமைக்கு உதாரணமாக ரசிகர்கள் அந்தப் பாட்டைக் கேட்கத் தொடங்கிய நேரத்தில், பாட்டில் வரும் பெண் வீட்டிலும் இல்லை, அந்த உறவிலும் இல்லை.

போனவர் சும்மா போகவில்லை. 1971 ஜூன் 22 அன்று ஜோனி மிட்செலின் 'புளூ' வெளியானது. பத்துப் பாட்டு, சுமார் 36 நிமிடம். 2020-இல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான 500 சிறந்த ஆல்பங்களைப் பட்டியலிட்டபோது அதற்கு மூன்றாவது இடம் கிடைத்தது. காதல் முறிவைப் பற்றிப் பாட்டுக் கட்டும் எவரும் அரை நூற்றாண்டாக அந்த நீல அட்டையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

'நெஞ்சைக் கிழித்துக் காட்டிய ஆல்பம்' என்று அதைப் பாராட்டுவது வழக்கம். பாராட்டு என்னவோ நல்லெண்ணத்தில் வருவதுதான். ஆனால் கிழிந்த நெஞ்சு ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. 'புளூ' ஒன்றுதான் இருக்கிறது. முறிவுக்கும் படைப்புக்கும் நடுவே நடக்கும் வேலையைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். அந்த வேலையில் பாதி தச்சுவேலை. மீதி, எதைச் சொல்லாமல் விடுவது என்ற கணக்கு.

பலவீனமான கையும் ஐம்பது சுருதிகளும்

ஜோனியின் இயற்பெயர் ராபர்ட்டா ஜோன் ஆண்டர்சன். 1943-இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் பிறந்தவர். சஸ்கட்டூன் நகரில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் போலியோ தாக்கியது. எழுந்து நடந்துவிட்டார், ஆனால் இடது கையில் பலம் குறைந்துபோனது. கிட்டார் கற்கத் தொடங்கியபோது, வழக்கமான சுருதியில் கம்பிகளை அழுத்திப் பிடிக்க விரல்கள் சிரமப்பட்டன. கையை மாற்ற முடியாது. ஆகவே கம்பிகளின் சுருதியை மாற்றினார். இப்படி அவர் தனக்கென்று அமைத்துக்கொண்ட சுருதிகள் ஐம்பதைத் தாண்டும்.

அவர் பாடல்களின் சோகத்துக்கு இதுவே பெரிய காரணம் என்று சொன்னால் ரசிகர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். அந்தச் சுருதிகளில் பிறக்கும் ஸ்வரக்கூட்டுகள் மகிழ்ச்சி, துக்கம் என்று எந்தப் பக்கமும் சாய்வதில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்பவை போல அந்தரத்தில் நிற்கின்றன. இசைப் பள்ளியில் படித்தவர்கள், இப்படித் தீராத ஸ்வரக்கூட்டை உடனே தீர்த்துவைக்க வேண்டும் என்பார்கள். ஜோனி தீர்த்துவைக்க மறுத்தார். தன் வாழ்க்கையில் பதில் கிடைக்காத கேள்விகள் இருக்கும்போது பாட்டில் மட்டும் எதற்கு முடிவு என்பது அவர் வாதம்.

'புளூ'வின் இன்னொரு கருவி டல்சிமர். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக் குடிகள் மடியில் கிடத்தி வாசிக்கும் எளிய நரம்புக் கருவி அது. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட இது இலகு. ஐரோப்பாப் பயணத்தில் துணைக்கு வந்தது இதுதான். கிரீட் தீவின் மத்தாலா கடற்கரையில், பாறைக் குகைகளில் ஹிப்பி இளைஞர்கள் குடியேறியிருந்தார்கள். ஜோனியும் அங்கே சில வாரங்கள் தங்கினார். அங்கே பழக்கமான ஓர் அமெரிக்க இளைஞருக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். 'கேரி' என்ற அந்தப் பாட்டு ஆல்பத்தில் இருக்கிறது. துள்ளலான பாட்டு. அதைக் கேட்பவர்கள், அது புறப்படும் முன் சொல்லிக்கொள்ளும் விடை என்பதைச் சற்றுத் தாமதமாகவே கவனிப்பார்கள். சோக ஆல்பம் என்று பெயர் வாங்கிய 'புளூ'வில் இப்படிச் சிரிப்பும் வீட்டு நினைப்பும் குறும்பும் நிறையவே உண்டு. அழுகை மட்டும் இருந்திருந்தால் 36 நிமிடம் தாங்காது.

பதிவு நடந்தது ஹாலிவுட்டின் 'ஏ அண்டு எம்' ஸ்டூடியோவில். அதே கட்டடத்தில், அதே மாதங்களில், இன்னோர் அறையில் பாடகி கரோல் கிங் தன் 'டேபெஸ்ட்ரி' ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். ஜோனி பாடிய அறையில் இருந்த பியானோவின் மீது கரோலுக்குக் கண்; அந்த அறை காலியாகக் கிடைத்த ஒரு சில மணி நேரத்துக்குள் ஓடிப்போய் ஒரு பாட்டை முடித்ததாக எழுதியிருக்கிறார். இரண்டு அறைகளுக்கும் பொதுவான ஆள் பாடகர் ஜேம்ஸ் டெய்லர். ஜோனியின் அப்போதைய காதலர். 'புளூ'வின் மூன்று பாட்டுகளில் கிட்டார் அவருடையது. அந்த உறவும் விரைவில் முறிந்தது. ஆக, ஒரு முறிவைப் பற்றிப் பாடும்போது அடுத்த முறிவின் நாயகன் பக்கத்தில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார்!

அந்த நாள்களில் தனக்குத் தற்காப்பே இல்லாமல் போயிருந்தது, சிகரெட் பெட்டியைச் சுற்றிய மெல்லிய தாள் போலத் தான் இருந்ததாகப் பின்னாளில் ஒரு பேட்டியில் ஜோனி சொன்னார். யார் பார்த்தாலும் அழுகை வந்ததால் ஸ்டூடியோக் கதவைப் பூட்டிவைத்துப் பாடினார். பாட்டுகளைக் கேட்ட பாடகர் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன் அதிர்ந்துபோய், உனக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள் என்ற பொருளில் அறிவுரை சொன்னது இசை உலகில் பிரபலமான கதை.

ஆனால் பூட்டிய கதவுக்குள்ளே நடந்ததைக் கவனித்தால் வேறொரு ஜோனி தெரிகிறார். ஆல்பம் ஏறக்குறைய முடிந்த நிலையில், ஏற்கெனவே சேர்த்திருந்த இரண்டு பழைய பாட்டுகளைத் தூக்கிவிட்டு, இரண்டு புதிய பாட்டுகளைப் பதிந்து சேர்த்தார். ஒன்று ஆல்பத்தின் முதல் பாட்டாகவும் மற்றொன்று கடைசிப் பாட்டாகவும் ஆனது. நாம் இன்று கேட்கும் 'புளூ'வின் வாசலும் கொல்லையும் கடைசி நேரத்தில் கட்டப்பட்டவை. 'ரிவர்' பாட்டின் தொடக்கத்தில் பியானோவில் 'ஜிங்கிள் பெல்ஸ்' மெட்டு மெல்லத் தொய்ந்து சோகமாக மாறும். ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் கொண்டாட, ஒருத்தி மட்டும் தப்பித்து ஓட வழி தேடுகிறாள் என்பதை ஒரு வார்த்தை பாடுவதற்கு முன்பே அந்த மெட்டு சொல்லிவிடுகிறது. இது கண்ணீரில் தற்செயலாக மிதந்து வந்த யோசனை அல்ல.

சொல்லாமல் சொன்னது

எல்லாவற்றையும் கொட்டிவிட்டார் என்று உலகம் நம்பிய அந்த ஆல்பத்தில் ஒரு பெரிய ரகசியம் ஒளிந்திருந்தது. 'லிட்டில் கிரீன்' என்ற மூன்றாவது பாட்டு, சில ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தது. அப்போது வந்த முக்கியமான விமர்சனம் ஒன்று, குறிப்புகள் எல்லாம் பூடகமாக இருக்கின்றன, ஒன்றும் விளங்கவில்லை என்று அந்தப் பாட்டைக் குறை சொன்னது.

1964-இல் ஓவியக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு டொரண்டோ வந்தபோது ஜோனி கருவுற்றிருந்தார். குழந்தையின் தந்தை உடன் இல்லை. கனடாவில் கருத்தடைச் சாதனங்களை விற்பதுகூட 1969 வரை குற்றம். மணமாகாத தாய் என்பது குடும்பத்துக்கே அவமானம் என்று கருதப்பட்ட காலம். பெற்றோருக்குத் தெரியவே தெரியாது. 1965 பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. கையில் காசு இல்லை. அந்த ஆண்டே சக் மிட்செல் என்ற பாடகரை மணந்தார். கடைசியில் குழந்தையைத் தத்துக்கொடுப்பதில் முடிந்தது. குழந்தைக்கு அவர் வைத்த பெயர் ஒரு வகைப் பச்சை நிறத்துக்கும் பெயர். பாட்டின் தலைப்பு அங்கிருந்து வந்தது.

எதிரே நின்று பாடினார், யாருக்கும் தெரியவில்லை. 1993-இல் பழைய அறைத்தோழி ஒருவர் அந்தச் செய்தியை ஒரு பரபரப்புப் பத்திரிகைக்கு விற்றபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. 1997-இல் தாயும் மகளும் சந்தித்தார்கள். மகளை இழந்த பிறகுதான் தான் பாட்டு எழுதத் தொடங்கியதாக ஜோனி பின்னர் சொல்லியிருக்கிறார். அப்படிப் பார்த்தால், 'புளூ'வின் ஆண்கள் எல்லோரும் இரண்டாம் வரிசையில்தான் நிற்கிறார்கள்.

ரசிகர்களுக்கு இது போதாது. 'எ கேஸ் ஆஃப் யூ' பாட்டில் வருபவர் நாஷா, லெனார்ட் கோஹனா என்ற பஞ்சாயத்து இன்னும் ஓய்ந்தபாடில்லை. கோஹனும் கனடாக்காரர், மாண்ட்ரியால் கவிஞர். 1967 நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் ஜோனியைச் சந்தித்தவர். தான் அதிகம் படித்ததில்லை, என்ன படிக்கலாம் என்று ஜோனி கேட்க, லோர்க்கா, காம்யூ என்று பட்டியல் போட்டுக் கொடுத்தாராம். பிரிவைப் படைப்பாக்குவதில் கோஹனுக்கும் தனிக் கதை உண்டு. 1960-இல் கிரேக்கத் தீவான ஹைட்ராவில் 1,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். கணவர் கைவிட்டுப் போக, கைக்குழந்தையோடு நின்ற நார்வேப் பெண் மரியான் இலெனை அங்கேதான் சந்தித்தார். 1967-இல் வெளியான முதல் ஆல்பத்திலேயே அவருக்கு விடைகொடுக்கும் பாட்டு வந்துவிட்டது. 2016 ஜூலையில் மரியான் மரணப் படுக்கையில் இருப்பதாகத் தகவல் வந்ததும் கோஹன் ஒரு கடிதம் அனுப்பினார். நானும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறேன், கை நீட்டினால் எட்டிவிடும் தூரம்தான் என்பது அதன் சாரம். நான்கு மாதம்கூட ஆகவில்லை, அவரும் போய்விட்டார்.

பதினேழு வரைவுகள்

இசையில் கேட்டதைக் கவிதையில் கண்ணால் பார்க்க வேண்டுமானால், நியூயார்க் மாநிலத்தில் உள்ள வாசர் கல்லூரியின் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப்பின் 'ஒன் ஆர்ட்' கவிதையின் 17 வரைவுகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

பிஷப்பின் வாழ்க்கையே இழப்புகளின் பேரேடு. 1911-இல் அவர் பிறந்த எட்டே மாதத்தில் தந்தை இறந்தார். ஐந்து வயதில் தாய் மனநல மருத்துவமனைக்குப் போனார். அதன் பிறகு மகள் அவரைப் பார்க்கவே இல்லை. பிரேசிலில் பதினைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்த லோட்டா, 1967-இல் நியூயார்க்கில் அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கி இறந்தார். பிறகு பாஸ்டனில் தன்னைவிட மிக இளைய ஒரு பெண்ணிடம் அன்பு வைத்தார். 1975-இல் அந்த உறவும் கை நழுவும் நிலை. அப்போது பிஷப்புக்கு 64 வயது.

முதல் வரைவு கவிதையே அல்ல. தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஒருவர் புலம்பிக்கொண்டே போடும் பட்டியல்: தொலைந்த மூக்குக் கண்ணாடி, தொலைந்த பேனா, கைவிட்டுப் போன வீடுகள், ஒரு தீபகற்பம், ஒரு கண்டம், கடைசியில் ஒருவருடைய கண்கள். தொலைப்பது எப்படி என்று பாடம் நடத்தும் குரல். உணர்ச்சிக்குக் குறைவில்லை. கவிதைதான் இல்லை.

அடுத்து அவர் செய்ததுதான் விஷயம். 'வில்லனெல்' என்ற பழைய பிரெஞ்சு யாப்பைக் கையில் எடுத்தார். மொத்தம் 19 அடி, இரண்டே இயைபு, முதல் அடியும் மூன்றாம் அடியும் மாறி மாறித் திரும்ப வந்துகொண்டே இருக்க வேண்டும். நம் வெண்பா போலக் கறாரான வடிவம். மனம் சிதறிக் கிடக்கும் நேரத்தில் எதற்கு இந்தச் சிறை? கைதிக்குத்தான் சுவரின் அருமை தெரியும் போலிருக்கிறது. இழப்பு ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று அடித்துச் சொல்லும் அடி ஒவ்வொரு முறை திரும்ப வரும்போதும், சொல்பவர் மேல் நம் நம்பிக்கை கொஞ்சம் குறைகிறது. சாவி, மணி நேரங்கள், அம்மாவின் கைக்கடிகாரம், ஊர்கள், ஆறுகள் என்று தொலைத்தவை பெரிதாகிக்கொண்டே போக, குரல் மட்டும் அதே விறைப்போடு நிற்கிறது. இறுதி அடியில் யாப்பு கேட்கும் சொல்லை எழுத முடியாமல், அடைப்புக்குறிக்குள் தனக்குத் தானே ஆணையிட்டுக்கொண்டு எழுதி முடிக்கிறார். அந்த அடைப்புக்குறிதான் அழுகை. அதற்கு முந்தைய பதினெட்டு அடிகளும் அது விழுவதற்காகப் பூசப்பட்ட தளம்.

'தி மூஸ்' என்ற கவிதையை இருபது ஆண்டுகளுக்கு மேல் கையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தவர் பிஷப். 'ஒன் ஆர்ட்'டைச் சில வாரங்களில் முடித்தார். 1976 ஏப்ரலில் 'நியூ யார்க்கர்' இதழில் அது வெளிவந்தது. அந்த உறவு முறியவில்லை. அந்தப் பெண் திரும்பி வந்தார், 1979-இல் பிஷப் இறக்கும் வரை உடன் இருந்தார். கவிதைதான் காரணமா என்று கேட்டால், வாழ்க்கை வரலாற்றாளர்கள் அந்தத் தேன்கூட்டில் கைவைப்பதில்லை.

அடுத்தவர் கடிதம்

அதே பிஷப், 'ஒன் ஆர்ட்' எழுதுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நெருங்கிய நண்பரும் பெருங்கவிஞருமான ராபர்ட் லோவலிடம் கடும் சண்டை பிடித்திருந்தார். 1970-இல் இங்கிலாந்து சென்ற லோவல், அங்கே வேறொரு பெண்ணுடன் வாழத் தொடங்கினார். நியூயார்க்கில் மகளோடு விடப்பட்ட மனைவி எலிசபெத் ஹார்ட்விக், அமெரிக்காவின் தலைசிறந்த கட்டுரையாளர்களில் ஒருவர். அவர் வேதனையோடு எழுதிய கடிதங்களையும் பேசிய தொலைபேசிப் பேச்சுகளையும் லோவல் எடுத்து, வெட்டி, மாற்றி, தன் கவிதைகளுக்குள் அவர் குரலாகவே வைத்தார். அனுமதி கேட்கவில்லை. கையெழுத்துப் பிரதியைப் படித்த பிஷப், கலைக்காக இவ்வளவு விலை தர வேண்டியதில்லை என்று 1972-இல் எழுதினார். உண்மையும் கற்பனையும் கலந்து, அதை உயிரோடிருக்கும் ஒருவரின் வாக்குமூலம் போலக் காட்டுவதுதான் அவரைக் கோபப்படுத்தியது. லோவல் கொஞ்சம் மாற்றினார், ஆனாலும் வெளியிட்டார். 1973-இல் வந்த 'தி டால்ஃபின்' அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு வாங்கியது. ஹார்ட்விக் வாங்கியது ஊர்ப்பேச்சு.

ஹார்ட்விக்கின் பதில் ஆறு ஆண்டு கழித்து வந்தது. 1979-இல் வெளியான 'ஸ்லீப்லெஸ் நைட்ஸ்' நாவலா, நினைவுக் குறிப்பா, கட்டுரையா என்று வகைப்படுத்த முடியாத புத்தகம். கதைசொல்லியின் பெயர் எலிசபெத். பழைய வாடகை அறைகள், பாடகி பில்லி ஹாலிடே, வேலைக்காரப் பெண்கள், ஹோட்டல் வாசிகள் என்று எல்லோரும் வருகிறார்கள். கணவர் மட்டும் ஏறக்குறைய இல்லை. ஊர் முழுக்க அந்த ஒருவரைப் பற்றிய வம்புக்காகப் புத்தகத்தைத் திறக்க, ஹார்ட்விக் அவருக்கு அதில் இடமே கொடுக்கவில்லை. இலக்கியத்தில் இதைவிட நாகரிகமான பழிவாங்கல் அபூர்வம். அசல் கடிதங்கள் 2019-இல் நூலாக வந்தபோது, லோவலின் கவிதையில் வரும் மனைவியைவிடக் கடிதத்தில் இருக்கும் மனைவி எவ்வளவு கூர்மையானவர் என்பது வாசகர்களுக்குத் தெரிந்தது.

நம் சங்கப் புலவர்கள் இந்தச் சிக்கலை ஒரே விதியில் தீர்க்கப் பார்த்தார்கள். அகப்பாட்டில் எவருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். காதலன், காதலி, தோழி, தாய் என்று பாத்திரம் உண்டு. ஆள் அடையாளம் கிடையாது. சொந்தத் துயரமாகவே இருந்தாலும் அது பாலை நிலத்தின் வெயிலுக்குள்ளும் நெய்தல் நிலத்தின் மாலைக்குள்ளும் கரைந்துதான் வெளியே வர வேண்டும். விதி இருந்தாலும் ஊர் வாயை மூட முடிந்ததா? வெள்ளிவீதியார் என்ற பெண்பாற் புலவரின் பாடல்கள், பிரிந்து போனவனைத் தேடும் தவிப்பால் நிறைந்தவை. அவர் அப்படித் தேடி அலைந்தார் என்று பெயர் சொல்லி அகநானூற்றில் பதிவு செய்தவர், இன்னொரு புலவரான ஔவையார். அந்த வெள்ளிவீதியாரே தன் பாட்டில், காணாமல் போன கணவனைத் தேடிய ஆதிமந்தியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். புலவர்களுக்கும் வம்பில் ஆசை உண்டு.

எழுத்தாளர் நோரா எஃப்ரானின் கதை வேறு மாதிரி. அவர் பெற்றோர் இருவரும் திரைக்கதை எழுதியவர்கள். வாழ்க்கையில் நடக்கும் எல்லாமே எழுதுவதற்கான சரக்குதான் என்பது தாயின் உபதேசம். வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டுவந்த இருவரில் ஒருவரான கார்ல் பெர்ன்ஸ்டீன்தான் நோராவின் கணவர். இரண்டாவது குழந்தையை நோரா சுமந்துகொண்டிருந்தபோது கணவரின் கள்ள உறவு தெரியவந்தது. 1983-இல் 'ஹார்ட்பர்ன்' நாவல் வந்தது. கதாநாயகி சமையல் பற்றி எழுதுபவர்; எனவே கண்ணீருக்கு நடுவே சமையல் குறிப்புகள். வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்தால் ஊர் சிரிக்கும், நாமே விழுந்த கதையைச் சொன்னால் சிரிப்பு நம்முடையதாகிவிடும் என்பது நோராவின் கொள்கை. கணவர் கொதித்தார். படமாக எடுப்பதற்கு முன் கதை வசனத்தைத் தனக்குக் காட்ட வேண்டும், தன்னை அன்பான தந்தையாகவே காட்ட வேண்டும் என்று விவாகரத்து ஒப்பந்தத்திலேயே நிபந்தனை போட்டார். அடுத்தவர் ரகசியத்தைத் தோண்டிப் புகழ்பெற்ற நிருபருக்கு வந்த கதி!

இசை உலகில் இந்தச் சங்கடத்தைக் கூட்டமாக அனுபவித்தவர்கள் 'ஃப்ளீட்வுட் மேக்' குழுவினர். 1976-இல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் 'ரூமர்ஸ்' ஆல்பத்துக்காகக் கூடியபோது, குழுவில் இருந்த இரண்டு ஜோடிகளும் பிரிந்துகொண்டிருந்தன. மிக் ஃப்ளீட்வுட்டின் மணவாழ்வும் ஆட்டம் கண்டிருந்தது. கிறிஸ்டின் மெக்வீ தன் புதுக் காதலரைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, அது நாய்க்குட்டியைப் பற்றியது என்று கணவர் ஜானிடம் சொல்லிவிட்டார். பாவம், ஜான் அதற்கு பேஸ் கிட்டார் வாசித்தார். மற்றொரு ஜோடியில், லிண்ட்சே பக்கிங்ஹாம் எழுதிய பாட்டில் தன்னைப் பற்றி வரும் ஒரு வரி பொய் என்று ஸ்டீவி நிக்ஸ் சண்டை போட்டார். வரி மாறவில்லை. அதே பாட்டுக்கு லிண்ட்சேயின் பக்கத்தில் நின்று மேடைமேடையாகப் பல பத்தாண்டுகள் துணைக்குரல் பாடினார். ஸ்டீவி பத்தே நிமிடத்தில் எழுதிய பதில் பாட்டான 'ட்ரீம்ஸ்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 'ரூமர்ஸ்' விற்றது நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல்.

எழுதினால் ஆறுமா?

இவர்களெல்லாம் மேதைகள், சரி. நோட்டுப் புத்தகத்தில் இரவு பதினொரு மணிக்குக் கவிதை எழுதும் கல்லூரி மாணவிக்கு இதில் என்ன பயன்?

1986-இல் டல்லஸ் நகரில் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 46 மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார். தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுத வேண்டும். சிலருக்குச் சாதாரண விஷயம். சிலருக்குத் தங்கள் வாழ்வின் மிகத் துயரமான அனுபவம். துயரத்தை எழுதியவர்களிலும், நடந்ததை மட்டும், உணர்ச்சியை மட்டும், இரண்டையும் சேர்த்து என்று மூன்று வகை. எழுதி முடித்த கையோடு, துயரத்தை எழுதியவர்களின் மனம் இன்னும் கனத்துத்தான் போயிருந்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. பின்னர் நடந்த ஆய்வுகளில், நாளாக நாளாக 'ஏனென்றால்', 'புரிந்தது' போன்ற சொற்கள் கூடியவர்களுக்கே நன்மை அதிகம் தெரிந்தது. புலம்பல் கதையாக மாறுகிற இடம் அது.

இதைக் கேட்டு உடனே டைரி வாங்கப் புறப்பட வேண்டாம். 2006-இல் 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் உண்டு, ஆனால் சிறியது என்று தெரிந்தது. 2013-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பாரா குழு, அண்மையில் துணையைப் பிரிந்த 90 பேரை ஆராய்ந்து சங்கடமான முடிவுக்கு வந்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று ஓயாமல் அசைபோடும் இயல்புள்ளவர்களில், உணர்ச்சியைக் கொட்டி எழுதியவர்களைவிட, அன்றாட வேலைகளை வெறுமனே குறித்துவைத்தவர்களே மாதங்கள் கழித்து நலமாக இருந்தார்கள். அந்த இயல்புக்காரருக்குக் காகிதமும் இன்னொரு அசைபோடும் இடமாகிவிடுகிறது.

பிஷப்பின் முதல் வரைவுக்கும் பதினேழாவது வரைவுக்கும் உள்ள தூரத்தை இந்த ஆய்வுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. யாப்பையோ சுருதியையோ யோசிக்கும் மனம், அந்த நேரமாவது 'ஏன்' என்ற கேள்வியிலிருந்து விலகி 'எப்படி' என்ற கேள்விக்குப் போகிறது. எழுத்தாளர் மேகி நெல்சன் 2009-இல் வெளியிட்ட 'புளூவெட்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். கைவிட்டுப் போன காதலன், விபத்தில் உடல் செயலிழந்த தோழி என இரண்டு துயரங்கள் அதில் உண்டு. அவற்றை நேராகப் பேசாமல், நீல நிறத்தின் மீது தனக்கு வந்த மோகத்தைப் பற்றி 240 எண்ணிட்ட துணுக்குகளாக எழுதினார். தத்துவம், அறிவியல், வம்பு, காமம் எல்லாம் கலந்த துணுக்குகள். கட்டுரைக்கும் கவிதைக்கும் நடுவில் நிற்கும் இந்தச் சின்னப் புத்தகம் இன்று எழுத்துப் பட்டறைகளில் பாடமாக இருக்கிறது.

விரல்களைத் திரும்பக் கற்றவர்

'புளூ' வெளிவந்த பிறகு ஜோனி மேடை வெளிச்சத்திலிருந்து ஒதுங்கி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரையில் நிலம் வாங்கிக் கல்வீடு கட்டிக்கொண்டு தனியே இருந்தார். அதன் பிறகு ஜாஸ் பக்கம் போனார், ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. 'இன்னொரு புளூ' கேட்டவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை.

2015-இல் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து விழுந்தார். பேச்சு, நடை எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. கிட்டாரும் மறந்துபோனது. மற்ற கலைஞர்கள் என்றால் பாடநூலைப் பார்த்துக்கொள்ளலாம். இவருடைய சுருதிகள் வழக்கமான பாடநூல்களில் இல்லை. கம்பியில் எந்த இடத்தில் எந்த விரல் என்று தெரிந்துகொள்ள, தான் முன்பு வாசித்த வீடியோக்களையே இணையத்தில் தேடிப் பார்த்துப் பழகினார்.

2022 ஜூலை 24 அன்று நியூபோர்ட் விழாவில் முன்னறிவிப்பு இல்லாமல் மேடையேறினார். வயது 78. 'போத் சைட்ஸ் நவ்' பாடியபோது மேடையில் இருந்தவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்ட காட்சிதான் பரவலாகப் பகிரப்பட்டது. இருபதுகளின் தொடக்கத்தில் எழுதிய பாட்டு என்பதால் அந்தக் காட்சிக்குக் காரணமும் இருந்தது. ஆனால் அன்றைய உண்மையான சாகசம் வேறு. எழுந்து நின்று, எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு, 1974-இல் வந்த 'ஜஸ்ட் லைக் திஸ் ட்ரெயின்' பாட்டை வாசித்தார். காதல்கள் வந்து போன கதையைச் சொல்லும் பாட்டு அது. வரிகளைப் பாடவில்லை, விரல்கள் மட்டும்தான். அந்த நிகழ்ச்சியின் பதிவு 2023-இல் ஆல்பமாக வெளிவந்து, அடுத்த ஆண்டு சிறந்த நாட்டுப்பாடல் ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. பாட்டில்லாத அந்த ரயிலும் அதில் இருக்கிறது.